'டாங்க்' என்னுஞ் சொல்

பதினோராம் வகுப்பு மாணவர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியாக ஒருநாள் ஐந்து ஆங்கில வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதினேன். நான்கு வாக்கியங்கள் இடர்ப்பாடின்றி முடிந்தன. ஐந்தாவது, போரிலே 'டாங்க்' அழிந்தது என்னும் பொருள்பட்ட சிறு வாக்கியம். இரண்டாம் வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "சேர், எந்த டாங்க்?" என்று கேட்டான்.

வாக்கியத்தை எழுதியபோது என் மனத்தில் இருந்தது போர்க்களத்து வண்டியே. ஆனால் மாணவரின் கொப்பிகளைப் பார்த்தபோது திகைப்புற்றேன். சிலர் 'குளம்' என்று எழுதியிருந்தனர். சிலர் 'தண்ணீர்த் தாங்கி' என்றனர். எஞ்சியோர் 'யுத்த டாங்கி' என்றனர். ஒருவரும் ஊகித்து எழுதவில்லை; அவரவர் அறிந்ததையே எழுதினர். 2009-ஆம் ஆண்டு சனவரியில் கல்மடுக் குளத்தின் அணை தகர்க்கப்பட்டு வெள்ளம் பரவியதை அப்பிள்ளைகள் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருக்கின்றனர். கிளிநொச்சி நகரில் உயர்ந்து நின்ற நீர்த்தாங்கி போரின் கடைக்காலத்தில் வீழ்ந்து, பின்னர்ப் பல்லாண்டு கிடந்தபடியே கிடக்க, தெற்கிலிருந்து வந்தோர் அதன் முன்னின்று படம் பிடித்துச் சென்றனர். ஆனையிறவிலோ 1991-ஆம் ஆண்டுச் சமரில் அழிந்த கவசமிட்ட புல்டோசர் வீதியோரத்தில் வைக்கப்பட்டுள்ளது. அது நிலம் கிளறும் பொறியேயாயினும் காண்போர் பலர் அதனை டாங்கி என்றே சொல்வர். ஒரே மாவட்டத்தில், ஒரே போரில், ஒரே ஆங்கிலச் சொல்லுக்குரிய மூன்று பொருள்கள்! மாணவன் கேட்டது நியாயமான கேள்வி.

இச்சொல் எங்கிருந்து வந்தது? நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் 'தாங்க்கே' என்னும் போர்த்துக்கேயச் சொல்லை ஒரு மூலமாகவும், குஜராத்தி, மராட்டி மொழிகளில் வழங்கும் அதனையொத்த சொற்களைப் பிறிதொரு மூலமாகவும் ஆங்கில அகராதி செய்தோர் காட்டுவர். போர்த்துக்கேயச் சொல்லின் வேர் தேங்கி நிற்கும் நீரைக் குறித்த இலத்தீன் சொல். இந்திய மொழிச் சொற்களோ வடமொழித் 'தடாக'த்தோடு உறவுடையனவாகலாம் என்பர். கடல் வழியாக வந்த சொல்லும் கரையிலிருந்த சொல்லும் ஒன்றையொன்று சந்தித்துக் கலந்தன என்று கொள்வதே பொருந்தும். என் நண்பரொருவர், வேடந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களில் வரும் 'தாங்கல்' என்னுந் தமிழ்ச்சொல்லிலிருந்தே இஃது பிறந்ததென்று வாதிடுவார். ஓசை ஒத்திருப்பது ஒன்றே சான்றாகாது. தமிழுக்குப் பெருமை தேட இத்தகைய வழி வேண்டுவதில்லை.

ஐரோப்பியருக்குச் சொல்லின் தேவை நேர்ந்ததற்குக் காரணமுண்டு. ஆற்றை மறித்து மண்ணணை கட்டி, மாரி நீரைத் தேக்கி, துருசு வழியே வயலுக்கு விடும் நீர்நிலை இங்கிலாந்தில் இல்லை. அவர்தம் மொழியிலுள்ள ஏரிப்பெயர் இயற்கையாய் அமைந்ததற்குரியது. குட்டைக்குரிய பெயரோ மிகச் சிறியதற்குரியது. ஆகவே இந்நாட்டிலும் இந்தியாவிலும் 'டாங்க்' என்னுஞ் சொல்லையே அரசிறைப் பதிவுகளிலும் நிலப்படங்களிலும் எழுதினர். அமெரிக்காவில் டெக்சாசு மாநிலத்தில் ஆடுமாடு நீரருந்தும் குட்டைக்கும் இதே பெயர் வழங்குகிறது. பிற ஆங்கிலேயருக்கு இப்பொருள் வியப்பையே தரும்.

போர்வண்டிக்கு இப்பெயர் வந்த கதை வேறு. முதலாம் உலகப் போரில், 1915-ஆம் ஆண்டிறுதியில், புதிய கவச வண்டியைப் பகைவர் அறியாவண்ணம் செய்தற்பொருட்டு ஒரு மறைபெயர் தேடினர். 'நீர்காவி' என்று முதலில் எண்ணினராம். அதன் ஆங்கில முதலெழுத்துகள் கழிப்பிடத்தைக் குறிக்கும் எழுத்துகளோடு ஒன்றியமையால் கைவிட்டனர் என்பர். நீர் நிரப்பும் இரும்புப் பெட்டி என்று பிறர் எண்ணட்டும் என்றே 'டாங்க்' எனப் பெயரிட்டனர். 1916-ஆம் ஆண்டு செப்டெம்பர் 15-ஆந் திகதி பிரான்சின் சொம் போர்முனையில் அவ்வண்டி முதன்முறை களமிறங்கியது. மறைவு அன்றே வெளிப்பட்டது. மறைபெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நீரைத் தேக்கிய சொல் நெருப்பைக் கக்கத் தொடங்கியது இவ்வாறு.

கிளைப்பொருள்கள் இன்னும் பல. நீச்சற் குளத்துக்கும் இப்பெயர் இருந்தமையால், அங்கு உடுத்த கையில்லாச் சட்டைக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. கருத்துரைக்கும் அறிஞர் குழுவைச் 'சிந்தனைத் தொட்டி' என்று மொழிபெயர்த்த ஒருவரை யான் அறிவேன், அவரை மன்னித்துவிட்டேன். கோடையில் எம் ஊர்களுக்கு நீர் கொண்டுவரும் ஊர்தியைத் தமிழகத்தார் 'டேங்கர்' என்பர். நாமோ 'பவுசர்' என்கிறோம். அஃது எரிநெய்ப் பம்பி செய்த அமெரிக்கர் ஒருவரின் குடும்பப் பெயர் என்பதை நீருக்கு வரிசையில் நிற்கும் ஆச்சிமார் அறியார்.

இனித் தமிழுக்கு வருவோம். ஈழத்தில் நீர்க்கலத்தைத் 'தாங்கி' என்கிறோம். தமிழகத்தில் 'தொட்டி' என்பர். எமக்குத் தொட்டி என்பது கிணற்றடியில் மாட்டுக்கு நீர் வார்ப்பது. 'தாங்கி' ஆங்கில ஓசையை ஒத்தும், சுமைதாங்கி என்பதுபோலத் தமிழிலக்கணத்துக்கு இயைந்தும் நிற்பது. ஆக்கியவர் யாரோ, அவரைப் பாராட்டலாம். ஆனால் நிலத்து நீர்நிலைக்கு வரும்போதே உண்மையான இடர் தோன்றுகிறது.

நிகண்டுகளை மனனம் செய்த எம்போன்றோர் குளம், கயம், வாவி, பொய்கை, இலஞ்சி, தடாகம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். செய்யுளுக்கு எதுகை மோனை வேண்டியவர்க்கு அஃது உதவும். உழவர்க்கு உதவாது. மட்டக்களப்பில் வாவி என்றால் கடலோடு இணைந்த களப்பு. சென்னைப் பக்கம் ஏரி என்பதை மதுரையிற் கண்மாய் என்பர். எம் வன்னியில் ஏரி பாடப்புத்தகத்திலேயே உண்டு, பேச்சில் இல்லை. யாழ்ப்பாணத்திற் குளம் என்பது பெரும்பாலும் மழைநீர் தேங்கும் பள்ளம். வன்னியிலோ கட்டும் துருசும் வானும் வயலும் சேர்ந்ததே குளம். வான் என்றதும் வெளியூர் வாசகர் வானத்தை நோக்க வேண்டா. குளம் நிறைந்தபின் மிகை நீர் வெளியேறும் வழியே வான். 'குளம் வான் பாயுது' என்று மார்கழியில் ஊரார் சொல்லும்போது அவர் குரலில் மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே இருக்கும்.

வன்னி ஊர்ப்பெயர்களைச் சற்று உற்றுநோக்குக. இரணை என்பது இரட்டை. மடு என்பது ஆழமான நீர்க்கிடங்கு. கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அணை எழுப்பப்பட்டது. இரணைமடு என்னும் பெயரோ ஆற்றின் பள்ளங்களையே இன்னும் சொல்லுகின்றது. முத்தையன்கட்டு, உடையார்கட்டு என்பன அணையாற் பெயர் பெற்றவை. கணுக்கேணி கேணியாற் பெயர் பெற்றது. தண்ணிமுறிப்பு என்பதிலுள்ள 'முறிப்பு' ஒருகால் உடைப்பெடுத்த அணையின் நினைவு. ஓர் அழிவைப் பெயராக்கி, வருங்காலத்தவரே, இவ்விடத்தில் நீர் முறித்தது என்று முன்னோர் எழுதிவைத்த எச்சரிக்கை அது. மோட்டை என்பது மாரியில் நிறைந்து கோடையில் வற்றும் ஆழமில்லாச் சிறு நீர்நிலை. மடுவும் கட்டும் கேணியும் முறிப்பும் மோட்டையும் ஆங்கில நிலப்படத்தில் 'டாங்க்' என்னும் ஒரே சொல்லாயின. வவுனிக்குளம் 'வவுனிக்குளம் டாங்க்' ஆயிற்று. குளத்துக்குக் குளம் என்று மறுபடியும் பெயர். அந்த ஆங்கிலத்தைத் திருப்பித் தமிழாக்கும் அலுவலர் எல்லாவற்றுக்கும் 'குளம்' என்று எழுத, மடுவும் கட்டும் முறிப்பும்கூட இரணைமடுக் குளம், முத்தையன்கட்டுக் குளம், தண்ணிமுறிப்புக் குளம் என நின்றன. 1895-இல் வன்னி மாவட்டக் கைந்நூலை வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி ஊர்ப்பெயர்களில் நாட்டமுடையவர்; எம்மவர் அத்துணை நாட்டம் காட்டினரா என்பது ஐயம்.

ஆங்கிலேயரைக் குறைகூறுவதும் முறையன்று. பல பொருள்களை ஒரே சூத்திரத்துள் அடைத்து, எல்லாம் ஒன்றே என்று எமக்குக் கற்பித்த நிகண்டும் அதே பிழையைச் செய்தது. யானும் முப்பது ஆண்டு அதனையே கற்பித்தேன். ஒருபொருட் பன்மொழி என்று கூறி, மாணவர் பன்னிரண்டு பெயர் எழுதினால் பன்னிரண்டு புள்ளி இட்டேன். அவற்றுள் எது ஆழமானது, எது வற்றுவது, எதற்குத் துருசு உண்டு என்று ஒருவரையும் கேட்டதில்லை.

ஆகவே அடுத்த கிழமைக்கு வேறு பயிற்சி கொடுத்தேன். தத்தம் ஊரிலுள்ள நீர்நிலைகளின் பெயரை முதியோரிடம் கேட்டு, ஒவ்வொன்றும் எத்தகையது என்று எழுதி வருக என்றேன். நாற்பது பெயருக்குமேல் வந்தன. அவற்றுட் சிலவற்றை யானும் அதுவரை கேட்டதில்லை. மீள்குடியேற்றத்தின்பின் கட்டிய வீட்டில் வாழும் மாணவியொருத்தி ஒரே ஒரு பெயரை எழுதி, கொப்பியை நீட்டத் தயங்கினாள். வாங்கிப் பார்த்தேன். ஒரு மோட்டையின் பெயர். அது எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"அம்மம்மா சொன்னவ, எங்கட வீடு இருக்கிற இடந்தானாம் சேர். முந்தி அதை மோட்டையடி எண்டுதான் சொல்லுறவையாம். காணிப் பத்திரத்தில அந்தப் பேர் இல்லை." சற்று நின்று, "மாரிக்கு எங்கட வீட்டுக்குள்ள முழங்காலளவு தண்ணி நிக்கும்" என்றாள்.