மெரினோ பனியன் அரிக்கிறதா? தூக்கி எறியும் முன் ஒரு பக்கெட் தண்ணீர் எடுங்கள்!

உத்தமபாளையத்தில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள், தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கீழே ஊருக்குள் வியர்க்கும். மலையேற ஏற, ஜீப்பின் திறந்த பக்கம் வழியாக வரும் காற்றில் பற்கள் கிட்டித்துவிடும். ஆனி, ஆடியில் சாரலும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, அதற்குள் ஒரு பழைய ஸ்வெட்டர். பல வருடங்களாக இதுதான் தோட்ட வேலையின் யூனிஃபார்ம். ராணுவத்தில் இருக்கும் மகனோ வெளிநாட்டில் இருக்கும் மகளோ உள்ள வீடுகளில், ஸ்வெட்டரின் இடத்துக்கு இப்போது வேறொன்று வந்திருக்கிறது. உடம்போடு ஒட்டி, பனியன் போல மெல்லிசாக இருக்கும் மெரினோ கம்பளி இன்னர். மேகமலைக்கும் மூணாறுக்கும் பைக்கில் போகும் இளைஞர்களும் ஆன்லைனில் இதைத்தான் வாங்குகிறார்கள். விலை சில ஆயிரங்கள்.

முதல் மாதம் பட்டு மாதிரி இருக்கும். நாலைந்து சலவை முடிந்ததும் கழுத்தில், அக்குளில், முதுகில் நமநமவென்று தொடங்கும். "என்னக்கா, கம்பளிப்பூச்சி ஏறுன மாதிரி சொறியுறீங்க?" என்று ஜீப்பில் கேலி பேசுவார்கள். அடுத்த வாரமே அந்த பனியன் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். 'நமக்கு கம்பளி ஒத்துக்காது' என்று ஒரு தீர்ப்பும் எழுதப்பட்டுவிடும்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு.

அரிப்பு எங்கிருந்து வருகிறது?

கம்பளி குத்துவது பெரும்பாலும் அலர்ஜி அல்ல. அது வெறும் குத்தல்தான், முடிவெட்டிய பிறகு சட்டைக் காலருக்குள் மாட்டிக்கொள்ளும் துண்டு முடி குத்துவதைப் போல. துணியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இழை மெல்லியதாக இருந்தால் தோலைத் தொட்டதும் வளைந்துவிடும். தடிமனாக இருந்தால் வளையாது, ஊசி போல நின்று தோலுக்கு அடியில் உள்ள வலி நரம்பைச் சீண்டும். எல்லைக்கோடு சுமார் 30 மைக்ரான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துணியில் இருக்கும் நூறு இழைகளில் ஐந்துக்கு மேல் இந்தக் கோட்டைத் தாண்டினால் பலருக்கும் குத்தத் தொடங்கும்.

நல்ல மெரினோ இன்னரின் இழை 17 முதல் 19 மைக்ரான் வரைதான் இருக்கும். நம் தலைமுடி அதைப்போல மூன்று நான்கு மடங்கு தடிமன்.

'கம்பளி அலர்ஜி' என்ற நம்பிக்கையைச் சோதிக்க, சுமார் நூறு ஆண்டு ஆய்வுகளைத் திரும்பப் புரட்டிய ஒரு கட்டுரை 2017-ல் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. கம்பளி இழையே அலர்ஜியை உண்டாக்குகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. அதே ஆண்டு மெல்போர்னில் எக்ஸிமா இருந்த 39 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு இன்னும் ஆச்சர்யம். மிக மெல்லிய மெரினோ உடை போட்டிருந்தபோது, பருத்தி உடையின்போது இருந்ததைவிட அவர்களின் தோல் நன்றாகவே இருந்தது.

ஆனால், எல்லா ஆட்டு ரோமமும் மெரினோ ஆகிவிடாது. தென் மாவட்டங்களில் அறுவடை முடிந்த வயலில் கிடை போடும் ஆடுகளில் பலவும் முடி ஆடுகள். அவற்றில் கம்பளி கிடைக்காது. திருச்சி கறுப்பு போன்ற ஆடுகளின் ரோமம் முரடு, தரையில் விரிக்கும் கம்பளிக்குத்தான் சரி. மெல்லிய ரோமத்துக்காக ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை. தேனி மாவட்டத்துக்கு அடுத்துள்ள கொடைக்கானல் மலையில், மன்னவனூர் புல்வெளியில் பாரத் மெரினோ ஆடுகள் மேய்கின்றன. ராஜஸ்தானின் அவிகாநகரில் இருக்கும் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் அங்கே இயங்குகிறது. சுற்றுலா போகிறவர்கள் ஆட்டோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு வருவார்களே, அதே இடம்தான்.

நல்ல பனியன் ஏன் கெட்டுப்போகிறது?

கம்பளி என்பது முடி. நம் தலைமுடி எந்தப் புரதத்தால் ஆனதோ, அதே கெரட்டின்தான். துணி சோப்பைப் போட்டு தலைக்குக் குளித்தால் முடி என்ன ஆகும்? சிக்குப் பிடித்து நார் நாராக நிற்கும் இல்லையா? நாம் பனியனுக்குச் செய்வது அதைத்தான்.

இழையின் மேல் மீன் செதில் போல மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன. துணி சோப்பும் சலவை சோடாவும் காரத்தன்மை உள்ளவை. காரம் பட்டால் இந்தச் செதில்கள் விரிந்து நிற்கும். அதோடு வெந்நீரும், துவைக்கிற கல்லில் அடிக்கும் அடியும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். துணி சுருங்கி, தடித்து, அட்டை போல ஆகிவிடும். மெஷினில் துவைக்கலாம் என்று விற்கப்படும் பல பனியன்களில் இழை மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். முரட்டுச் சலவை அதையும் கழற்றிவிடும்.

கறையை விரட்டும் 'என்சைம்' கலந்த பவுடர் இன்னொரு எதிரி. அதில் இருக்கும் சில என்சைம்களின் வேலையே புரதத்தைச் சிதைப்பதுதான். ரத்தக் கறையும் அதற்குப் புரதம், கம்பளியும் புரதம். ப்ளீச் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது கம்பளியைக் கரைத்தேவிடும்.

பலரும் கவனிக்காத ஆள் ஒன்று உண்டு: தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது. நுரைக்காத சோப்பு, தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். பாத்ரூம் பக்கெட்டில் படியும் அதே படிவம் பனியனின் ஒவ்வோர் இழையிலும் படிந்தால்? வழவழப்பான இழை சொரசொரப்பாகும். வியர்வை உப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். மிக அதிகமாக நடக்கும் கேடு இதுதான். நல்ல செய்தி, சரிசெய்யக் கூடியதும் இதுதான்.

வினிகர், பிறகு கண்டிஷனர்

சுமார் பத்து லிட்டர் பிடிக்கும் பக்கெட்டில் கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கும் குறைவான தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. அரை டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றி, பனியனை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, இருபது நிமிடம் ஊறவிடுங்கள். கசக்க வேண்டாம், அவ்வப்போது அழுத்திவிட்டால் போதும். சோப்புப் படிவம் கழன்று தண்ணீர் கலங்குவதைப் பல நேரங்களில் கண்ணாலேயே பார்க்கலாம். கம்பளிக்குப் பிடித்தது லேசான அமிலம், விரிந்த செதில்கள் அதில் படியும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினால் வினிகர் வாடையும் போய்விடும்.

காய்ந்த பிறகும் சொரசொரப்பு இருந்தால் தலைக்குப் போடும் சாதாரண கண்டிஷனர் உதவும். அரை பக்கெட் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கரைத்து, இருபது நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். சேதமான முடியில் ஒட்டி அதை வழவழப்பாக்குவதற்கென்றே தயாரிக்கப்பட்டது அது. முடிக்கு ஒரு நியாயம், கம்பளிக்கு ஒரு நியாயமா? ஒவ்வொரு சலவைக்கும் இதைச் செய்ய வேண்டாம். பூச்சு ஏற ஏற பனியன் வியர்வையை உறிஞ்சும் திறன் குறையும்.

முறுக்கிப் பிழியக் கூடாது. காய்ந்த துண்டின் மேல் விரித்து, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி அழுத்தினால் ஈரம் துண்டுக்குப் போய்விடும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் நீண்டுவிடும். நிழலில், கட்டில் மேல் விரித்தால் போதும். கம்பம் பள்ளத்தாக்கின் ஆடிக்காற்றுக்கு அது காய எவ்வளவு நேரமாகும்!

அடுத்த சலவைக்கு என்ன போடுவது? கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பு, இல்லையென்றால் கொஞ்சம் ஷாம்பு. பாட்டி காலத்து பூந்திக்கொட்டை இன்னும் மளிகைக் கடையில் கிடைக்கிறது. பட்டுக்கும் கம்பளிக்கும் நம் ஊர்களில் காலம் காலமாகப் பயன்பட்டது அதுதான். காரம் இல்லாத நுரை என்பதால் இழைக்குக் கேடில்லை. நாலைந்து கொட்டையை விதை நீக்கி இரவு ஊறவைத்து, பிசைந்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை உடுத்தியதும் துவைக்க வேண்டிய அவசியமும் இல்லை. கம்பளியில் வாடை எளிதில் ஏறாது. இரவு காற்றாட விரித்துவிட்டு மறுநாள் போடலாம்.

எது சரியாகாது?

ஏற்கெனவே சுருங்கி அட்டையாகிவிட்ட பனியனை எந்த வினிகரும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. முரட்டு இழையால் நெய்ததை மெல்லிசாக்கவும் முடியாது. அதற்கு ஒரே வழி, உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போட்டுக்கொள்வது.

வாங்கியது கம்பளிதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். கடையில் 'உல்லன்' என்று விற்பதில் பாதிக்கு மேல் அக்ரிலிக் இழை இருக்கலாம். ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான உருண்டையாகிவிடும்.

தடிப்பு, நீர்க்கோப்பு, பனியனைக் கழற்றி இரண்டு நாளான பிறகும் போகாத சிவப்பு என்றால் வினிகர் வைத்தியம் வேண்டாம், தோல் மருத்துவரைப் பாருங்கள். சாயமோ, சோப்பில் இருக்கும் வாசனைப் பொருளோ காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, இந்த ஊருக்கே உரியது. வியர்த்து ஈரமான தோலில் கம்பளி அதிகமாகக் குத்தும். வெயில் கொளுத்தும் வீட்டுக்குள், ஃபேனுக்கு அடியில் போட்டுப் பார்த்து 'இன்னும் அரிக்குது' என்று முடிவு செய்தால் அது பனியனுக்குச் செய்யும் அநியாயம். அலசிக் காயவைத்த பனியனைப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி, மலைக்காற்று முகத்தில் அறையத் தொடங்கும் இடத்தில் போட்டுப் பார்க்கலாம். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் உடம்புக்கு ஈரமாகத் தெரியாது. சாரலில் நனைந்த பருத்திச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு நடுங்க வைக்கும்போது அந்த வித்தியாசம் புரியும்.

சீசன் முடிந்து பெட்டியில் வைக்கும்போது அழுக்கோடு வைக்காதீர்கள். அந்துப்பூச்சியின் புழுவுக்கு வியர்வை படிந்த கம்பளிதான் விருந்து. துவைத்து, நன்றாகக் காயவைத்து, இறுக மூடும் கவரில் போட்டுவிட்டால் பாச்சை உருண்டையே தேவைப்படாது. கைக்குழந்தைகளின் கம்பளித் துணியோடு பாச்சை உருண்டையை வைக்கவே கூடாது. அடுத்த ஆனி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு வெளியே எடுத்து, ஒரு நாள் நிழலில் காற்றாட விட்டால் போதும்.