கடவுச்சீட்டு முகவரியும் வாக்குரிமையும்: கெலவரப்பள்ளி வட்டாரத்தை முன்வைத்து அயலகக் குடிமக்களின் வாக்கும் தூதரக உதவியும்

ஆய்வுச் சுருக்கம்

வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் வாக்காளர் பட்டியலில் இடம்பெற 2011 முதல் சட்டம் வழிவகுத்துள்ளது. ஆயினும் அவ்வுரிமை கடவுச்சீட்டில் உள்ள முகவரியோடும், நேரில் வந்தே வாக்களிக்க வேண்டும் என்ற விதியோடும் பிணைக்கப்பட்டுள்ளது. இடப்பெயர்வு மிகுந்த எல்லைப்புறத் தொழில் வட்டாரமான கெலவரப்பள்ளி, ஓசூர்ப் பகுதியில் இவ்விரு நிபந்தனைகளும் எவ்வாறு செயற்படும் என்பதையும், அயல்நாட்டில் தூதரகங்கள் அளிக்கும் உதவியின் இயல்பையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அயலக வாக்காளர், கடவுச்சீட்டு, படிவம் 6அ, தூதரக உதவி, வழக்கமான வசிப்பிடம், ஓசூர், கெலவரப்பள்ளி.

முன்னுரை

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, தமிழகத்திற்குள் நுழைந்தபின் ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் தேக்கப்படுகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழிகளும் வழங்கும் இவ்வட்டாரம் 2004இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையும் அதனைச் சூழ்ந்த ஆலைகளும் பிற மாவட்டத்தாரையும் பிற மாநிலத்தாரையும் இங்கு ஈர்த்துள்ளன. இங்குள்ளோர் பலர் கல்விக்கும் வேலைக்கும் பெங்களூருவை நாடுகின்றனர். இவ்வாறு ஊர் ஓரிடம், வேலை ஓரிடம், ஆவணத்தின் முகவரி மற்றோரிடம் என வாழ்பவர் வெளிநாடு செல்லும்போது, அவருடைய வாக்கு எந்த ஊருக்கு உரியது என்னும் வினா எழுகிறது.

வசிப்பிடமும் வாக்கும்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950இன் 19ஆம் பிரிவு, 18 வயது நிறைந்து ஒரு தொகுதியில் வழக்கமாக வசிப்பவரே அத்தொகுதியின் பட்டியலில் இடம்பெறத் தகுதியுடையவர் என்கிறது. வசிப்பிடத்தைவிட்டுத் தற்காலிகமாக நீங்கியிருப்பதால் மட்டும் ஒருவர் அத்தகுதியை இழப்பதில்லை என்பதை 20ஆம் பிரிவு தெளிவாக்குகிறது. ஆகவே சுற்றுலாவுக்கோ சில வார அலுவலுக்கோ வெளிநாடு செல்பவரின் பெயர் பட்டியலில் நிலைத்திருக்கும். எனினும் தேர்தல் நாளன்று அவர் அயல்நாட்டில் இருந்தால் வாக்களிக்க வேறு வழி கிடையாது.

நீண்டகாலம் வெளிநாட்டில் வேலை செய்வோரும் படிப்போரும் முன்னர் வழக்கமாக வசிப்பவராகக் கருதப்படவில்லை. 2010ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 20அ என்னும் பிரிவைச் சேர்த்து இக்குறையை ஒருபகுதி நீக்கியது. 2011 பிப்ரவரி 10 அன்று இது நடைமுறைக்கு வந்தது. பிற நாட்டுக் குடியுரிமை பெறாதவரும், வேலை, கல்வி முதலிய காரணங்களால் வெளிநாட்டில் இருப்பவருமான இந்தியக் குடிமகன், தன் கடவுச்சீட்டில் குறிக்கப்பட்ட இந்திய முகவரி அமைந்த தொகுதியில் பெயர் சேர்க்க இப்பிரிவு உரிமை தருகிறது.

முகவரியால் விளையும் சிக்கல்

உள்நாட்டு வாக்காளருக்கு அளவுகோல் அவர் உண்மையில் வசிக்கும் இடம். அயலக வாக்காளருக்கோ அளவுகோல் கடவுச்சீட்டின் முகவரி. கெலவரப்பள்ளி போன்ற வட்டாரத்தில் இவ்வேறுபாட்டின் விளைவு பெரிது. எடுத்துக்காட்டாக, திண்டுக்கல்லில் கடவுச்சீட்டு பெற்று, பின்னர் ஓசூர் ஆலையொன்றில் பல்லாண்டு பணியாற்றி, இங்கேயே வீடும் கட்டிய ஒருவர் கத்தாருக்குச் செல்வதாகக் கொள்வோம். கடவுச்சீட்டில் முகவரியை மாற்றாதவரை அவர் அயலக வாக்காளராகப் பதிய வேண்டிய தொகுதி ஓசூர்ப் பகுதியில் அமையாது.

மறுதலையாக, கெலவரப்பள்ளியில் பிறந்து பெங்களூரு வாடகை வீட்டு முகவரியில் கடவுச்சீட்டு எடுத்தவரின் வாக்கு கர்நாடகத்திற்கு உரியதாகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகம் முழுவதும் ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. பெங்களூருவில் ஏப்ரல் 26 அன்று வாக்குப்பதிவு நடந்தது. அவர் தாயகம் வர வேண்டிய நாளைக்கூட முகவரியே தீர்மானித்திருக்கும். ஆகவே வெளிநாடு செல்வதற்கு முன்பே கடவுச்சீட்டு முகவரியைத் திருத்திக்கொள்வது இவ்வட்டாரத்தாருக்கு இன்றியமையாதது.

பதிவு முறை

அயலக வாக்காளராகப் பதிய விரும்புவோர் படிவம் 6அ-வை நிரப்பி, இணையவழியாகவோ அஞ்சலிலோ நேரிலோ தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலரிடம் அளிக்க வேண்டும். ஒளிப்படம், கடவுச்சீட்டின் உரிய பக்கங்களின் நகல், நுழைவிசைவுப் பக்கத்தின் நகல் ஆகியவை இணைக்கப்பட வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் கடவுச்சீட்டு முகவரிக்குச் சென்று விவரங்களைச் சரிபார்ப்பார். எனவே வீட்டார் இவ்விண்ணப்பம் பற்றி அறிந்திருத்தல் நலம்.

ஏற்கெனவே வாக்காளர் அடையாள அட்டை பெற்றவர் அதனை ஒப்படைக்க வேண்டும். ஒருவர் பெயர் இரண்டு இடங்களில் இருத்தல் சட்டத்திற்கு மாறானது. பொய்யான உறுதிமொழி அளிப்பதற்கு 31ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அயலக வாக்காளருக்குத் தனி அடையாள அட்டை வழங்கப்படுவதில்லை. வாக்குச்சாவடியில் அசல் கடவுச்சீட்டே அவருக்குச் சான்று. நிரந்தரமாகத் தாயகம் திரும்பியதும் அச்செய்தியைப் பதிவு அலுவலருக்குத் தெரிவித்து, படிவம் 6 வழியாகப் பொதுவாக்காளராகப் பதிய வேண்டும்.

நேரில் வருதல் என்னும் தடை

பட்டியலில் பெயர் சேர்ந்தாலும் தூதரகத்தில் வாக்களிக்க இயலாது. 2024 மக்களவைத் தேர்தலின்போது நாடு முழுவதும் 1,19,374 அயலக வாக்காளர்கள் பதிவு பெற்றிருந்தனர். வாக்களித்தோர் 2,958 பேர். அதாவது நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. அவர்களுள் 2,670 பேர் கேரளத்தவர். எஞ்சிய இந்தியா முழுமைக்கும் 288 பேரே வந்தனர். வானூர்திக் கட்டணமும் விடுப்பும் வாக்கின் விலையாகிவிட்ட நிலையை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இந்தியத் தூதரகத்தில் பணியாற்றும் அரசு ஊழியர் பணிநிலை வாக்காளராகையால் அஞ்சல் வாக்குக்கு உரியவர். 2016இல் விதிகள் திருத்தப்பட்டபின் அவருக்குரிய வாக்குச்சீட்டு மின்னணு முறையில் அனுப்பப்படுகிறது. அவர் அதனை அச்சிட்டு, வாக்கைக் குறித்து, அஞ்சலில் திருப்பியனுப்புகிறார். அதே தூதரகத்தின் முன் வரிசையில் நிற்கும் தொழிலாளிக்கு இவ்வாய்ப்பு இல்லை.

இவ்வேறுபாடு உச்ச நீதிமன்றத்தின் முன் வழக்குகளாக எழுந்தது. தேர்தல் ஆணையம் 2014இல் அமைத்த குழு, மின்னணு வழி அனுப்பப்படும் அஞ்சல் வாக்கையும் பதிலாள் வாக்கையும் பரிந்துரைத்தது. பதிலாள் முறையை அனுமதிக்கும் திருத்த மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமல் 2019இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. மின்னணு அஞ்சல் வாக்கை அயலக வாக்காளருக்கும் விரிவாக்க ஆணையம் 2020 நவம்பரில் சட்ட அமைச்சகத்திற்கு எழுதியது. பிற நாடுகளில் இதற்கு முன்மாதிரிகள் உள்ளன. பிலிப்பைன்ஸ் 2003இல் சட்டமியற்றி 2004 தேர்தலிலேயே அயலக வாக்கை நடைமுறைப்படுத்தியது. பிரான்சு 2012 முதல் வெளிநாடு வாழ் குடிமக்களுக்கெனப் பதினொரு தொகுதிகளை ஒதுக்கியுள்ளது.

தூதரக உதவியும் அதன் எல்லையும்

வாக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேவைப்படுவது. தூதரக உதவியோ எந்நாளும் தேவைப்படலாம். இதன் அடிப்படை 1963ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா ஒப்பந்தம். இந்தியா 1977இல் இதில் இணைந்தது. அயல்நாட்டவர் கைது செய்யப்பட்டால், தம் நாட்டுத் தூதரகத்திற்குத் தெரிவிக்குமாறு கேட்கும் உரிமையை இதன் 36ஆம் உறுப்பு அவருக்கு அளிக்கிறது. இவ்வுறுப்பைப் பாகிஸ்தான் மீறியது எனக் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் 2019 ஜூலை 17 அன்று பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தூதரகம் அயல்நாட்டுச் சட்டத்தை மீற இயலாது. கைதானவரைத் தானே விடுவிக்கவும் இயலாது. அவரைச் சந்திப்பதும், வழக்கறிஞர் உதவிக்கு ஏற்பாடு செய்வதும் அதன் பணிகள்.

கடவுச்சீட்டை இழந்தவர் தாயகம் திரும்ப அவசரச் சான்றிதழ் பெறலாம். இறந்தவரின் உடலை அனுப்பத் தடையின்மைச் சான்றைத் தூதரகமே வழங்குகிறது. 2009இல் தொடங்கப்பட்ட இந்திய சமுதாய நல நிதியிலிருந்து, வசதியற்றோருக்குத் தங்குமிடம், அவசர மருத்துவம், திரும்பும் பயணச்சீட்டு, சட்ட உதவி ஆகியன தரப்படலாம். முறையீடுகளைப் பதிவுசெய்ய 2015இல் ‘மதத்’ என்னும் இணையவாயில் தொடங்கப்பட்டது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பயணத்திற்கு முன் முகவரின் பதிவு எண்ணைச் சரிபார்த்தல் பிற்காலத் துன்பத்தைத் தவிர்க்கும். மாநில அளவில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை குடும்பத்தாருக்கும் தூதரகங்களுக்கும் இடையே தொடர்பை ஏற்படுத்துகிறது.

முடிவுரை

தூதரக உதவி குடியுரிமையைப் பின்தொடர்கிறது. குடிமகன் எந்நாட்டில் இருந்தாலும் அதனைக் கோரலாம். வாக்குரிமையோ முகவரியைப் பின்தொடர்கிறது. வாக்காளர் அம்முகவரிக்குத் திரும்பி வந்தால்தான் அது செயற்படும். இடம்பெயர்ந்து வாழ்வதே இயல்பாகிவிட்ட கெலவரப்பள்ளி வட்டாரத்தாருக்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. அஞ்சல் வாக்கு சட்டமாகும்வரை, கடவுச்சீட்டு முகவரியை உண்மை வசிப்பிடத்தோடு பொருத்துதல், படிவம் 6அ-வை உரிய காலத்தில் அளித்தல், முகவரின் பதிவைச் சரிபார்த்தல், தூதரகத் தொடர்பு விவரங்களைக் கையிலும் வீட்டிலும் வைத்திருத்தல் ஆகிய நான்கும் குடிமக்களின் கையில் உள்ளவை. பட்டியலில் உள்ள வாக்காளரை வாக்களித்த வாக்காளராக மாற்றும் பொறுப்பு நாடாளுமன்றத்தினுடையது.