நுண்புனைவு மின்தூண்டி

நுண்புனைவு மின்தூண்டி என்பது, கம்பியைச் சுற்றிச் செய்யாமல், சிலிக்கான் சில்லு செய்யும் முறையிலேயே செம்பையும் காந்தப் பொருளையும் மெல்லிய படலங்களாகப் படியவைத்து உருவாக்கப்படும் சுருள் ஆகும். மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சுற்றுகளைச் சிறிதாக்குவதே இதன் நோக்கம்.

பள்ளி ஆய்வகத்தின் பழைய பேட்டரி எலிமினேட்டரைத் தூக்கியவர்களுக்கு அதன் கனம் தெரியும். பெரும்பாலும் அது மின்மாற்றியின் இரும்பும் செம்பும்தான். இன்றைய செல்பேசி சார்ஜர் உள்ளங்கைக்குள் அடங்குவதற்குக் காரணம் அதிர்வெண். சிவகிரிப் பக்கம் கமலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: சால் சிறிதானால் அடிக்கடி இறைக்க வேண்டும். 10 வாட் திறனுக்கு, 50 ஹெர்ட்சில் ஒரு சுற்றுக்கு 0.2 ஜூல் கைமாற வேண்டும். 1 லட்சம் ஹெர்ட்சில் 0.0001 ஜூல் போதும். 1 கோடி ஹெர்ட்சில் அதிலும் நூறில் ஒரு பங்கே. சுருளும் அதற்கேற்பச் சிறுக்கலாம்.

அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போனால் என்ன? வெப்பம்தான் தடை. மாறும் காந்தப்புலம் உள்ளகத்தில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும். அந்த இழப்பு அதிர்வெண்ணின் இருபடிக்கும், தகட்டுத் தடிப்பின் இருபடிக்கும் நேர்விகிதத்தில் கூடும். மின்மாற்றி இரும்பை வார்னிஷ் பூசிய தகடுகளாக அடுக்குவது இதனால்தான். செம்பிலும் சிக்கல் உண்டு. மின்னோட்டம் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். 50 ஹெர்ட்சில் அந்த ஆழம் சுமார் 9 மில்லிமீட்டர், 1 கோடி ஹெர்ட்சில் சுமார் 0.02 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய அடுக்குகளைக் கையால் வெட்டி அடுக்க முடியாது, படியவைக்கத்தான் வேண்டும்.

சார்லஸ் சல்லிவன், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேத் சாண்டர்சுடன் முனைவர் பட்ட ஆய்வாக எடுத்துக்கொண்டது இதையே. இருவரும் எழுதிய வடிவமைப்புக் கட்டுரை 1996இல் வெளியானது. பின்பு டார்ட்மத்தில் அவரும் மாணவர்களும் சிலிக்கானில் 'வி' வடிவப் பள்ளம் அரித்து, அதில் கோபால்ட்–சிர்க்கோனியம்–ஆக்சிஜன் படலத்தையும் செம்பையும் இட்டுச் சுருள் செய்தனர். அந்தப் படலத்தின் மின்தடை அதிகம். எனவே சுழல் மின்னோட்டம் குறைவு.

ஃபெரைட்டின் மின்தடை இன்னும் அதிகம். ஆனால் அதை வழக்கமாக 1000 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட வேண்டும். சில்லிலுள்ள உலோக இணைப்புகள் ஏறத்தாழ 400 டிகிரிக்கு மேல் தாங்கா. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சிவசங்கர், நவகாந்த பட், வினோய் ஆகியோரின் குழு, கரைசலை நுண்ணலையால் சூடாக்கி, 200 டிகிரிக்குக் கீழேயே துத்தநாக ஃபெரைட் படலத்தைச் சில்லின்மேல் படியவைத்தது. இதில் முனைவர் பட்ட மாணவரின் உழைப்பும் உண்டு. அவர்கள் செய்து பார்த்தது வானலைச் சுற்றுக்கான மின்தூண்டி. திறன் மாற்றிக்கு இன்னும் தடித்த படலம் வேண்டும். அதிக மின்னோட்டத்தில் காந்தம் தெவிட்டிவிடாமலும் இருக்க வேண்டும்.