முதல்ல மெஸ்... அப்புறம்தான் மீன்!

'ஸ்பாஞ்ச்பாப்' கார்ட்டூன் பார்த்திருக்கீங்களா? 1999-ல ஆரம்பிச்ச தொடர். அதுல பர்கர் ஃபார்முலாவைத் திருடுறதுக்கே பொறந்த மாதிரி பிளாங்டன்னு ஒரு ஒத்தைக் கண் வில்லன் வருவானே... அவன் ஒரு கோப்பிபாட்! கிரேக்கத்தில் 'துடுப்புக் கால்' என்று அர்த்தம். இறால், நண்டுக்கெல்லாம் ஒண்ணுவிட்ட தம்பி. நிஜத்தில் ஆள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்தான்.

இந்தப் பொடியன் மேல எனக்கு ஏன் திடீர் பாசம்னு கேட்டா, அதுக்குப் பின்னாடி ஒரு சாவு இருக்கு.

கடல்மீன் தொட்டி வெச்ச புதுசு. ஒரு கடையில் மாண்டரின் மீனைப் பார்த்தேன். நீலமும் ஆரஞ்சுமா, பட்டுப்புடவை பார்டர் மாதிரி! (பெரும்பாலான மீன்களோட நீலம் வெளிச்சம் பண்ற ஜாலம். இதுக்கு மட்டும் நிஜமாவே நீல நிறமி இருக்கு.) "என்னண்ணே சாப்பிடும்?" "எல்லாம் சாப்பிடும் தம்பி, எடுத்துட்டுப் போ!"

உருண்டைத் தீனி போட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கலை. ஆனா நாள் முழுக்க பாறையைக் கொத்திக்கிட்டே இருந்துச்சு. சரி, நல்லா சாப்பிடுதுன்னு விட்டுட்டேன். மூணாவது வாரம் வயிறு உள்ளே ஒட்டி, முதுகு ஒடுங்கி... ஒரு காலையில் எழுந்து பார்த்தா, கதை முடிஞ்சிருந்தது.

அப்புறம்தான் புரிஞ்சது. மாண்டரினுக்கு வாயும் சின்னது, வயிறும் சின்னது. பாறை இடுக்குல ஓடுற கோப்பிபாட் மாதிரி உயிருள்ள இரையை நாள் பூரா பொறுக்கித் தின்னணும். என் தொட்டியோ புதுசு, பாறையும் கழுவி வெச்ச பாறை. காலித் தட்டைச் சுரண்டிக்கிட்டு இருந்தவனைத்தான் நான் ரசிச்சிருக்கேன்!

அதனால நீங்க மீன் வாங்குறதுக்கு முன்னாடி மெஸ்ஸைத் திறங்க. அஞ்சு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ரெண்டு போதும். சோப்பு வாசனையே இருக்கக் கூடாது. மீன் கடையில் கிடைக்கிற கடல் உப்புக் கலவையைக் கரைச்சு, ஹைட்ரோமீட்டர்ல 1.025 காட்டுற மாதிரி வெச்சுக்குங்க. சமையல் உப்பைக் கொட்டிடாதீங்க பாஸ்! ஏர் பம்ப் குழாய் உள்ளே போகணும், ஆனா முனையில் கல் வேண்டாம். நொடிக்கு ஒண்ணு ரெண்டு குமிழி வந்தா போதும். வெயில் நேரா படாத மூலையில் வைங்க.

விதைக்கு, ஏற்கெனவே வளர்க்கிறவங்ககிட்ட 'டிஸ்பி' அல்லது 'டிக்ரியோபஸ்' ஒரு பாட்டில் வாங்குங்க. பீச்சுல போய் மொண்டுட்டு வந்தா, கூடவே என்னென்ன வரும்னு சொல்ல முடியாது. (அப்படியே மன்னார் வளைகுடா பவளத்துலயும் கை வைக்காதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. மாட்டினா ஜெயில்!)

இதுங்களுக்குச் சாப்பாடு, நானோகுளோராப்சிஸ் மாதிரி நுண்பாசி. தண்ணி லேசான பச்சையானா நிறுத்துங்க. தெளிஞ்சதும் அடுத்த டோஸ். இங்கேதான் நான் ரெண்டாவது தடவை சொதப்பினேன். செமஸ்டர் நேரம், ஊருக்குப் போறோமேன்னு ஒரு வாரத் தீனியை மொத்தமா ஊத்திட்டுப் போனேன். திரும்பி வந்தா அழுகின முட்டை நாத்தம், ஒண்ணுகூட உயிரோட இல்லை. ரெண்டு டப்பா ஏன்னு இப்போ புரியுதா?

குஞ்சு பொறிச்சு வந்தா, பொதுவா பதினொரு தடவை சட்டை உரிச்சுத்தான் பெரிசாகும். நம்ம ஊர் சூட்டுக்கு ரெண்டு வாரம் போல ஆகும். மூணு வாரம் கழிச்சு, கால்வாசித் தண்ணியை 50 மைக்ரான் வலையில் வடிகட்டுங்க. வலையில் தங்கினதை ராத்திரி, பம்ப்பை நிறுத்திட்டு, பெரிய தொட்டியில் பாறைப் பக்கமா விடுங்க. எடுத்த அளவு புது உப்புத் தண்ணியை டப்பாவில் ஊத்திடுங்க. இதே மாதிரி வாராவாரம்.

உடனே மீன் வாங்க ஓடக் கூடாது. தொட்டிக்குள்ளேயே அதுங்க பெருகணும். அதுக்கு மாசக்கணக்கில் ஆகும். லைட்டை அணைச்சிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. கண்ணாடி பூரா வெள்ளைப் புள்ளிங்க ஓடணும்.

எனக்கு இது நாலாவது மாசம். ராத்திரி பன்னெண்டு மணிக்கு டார்ச்சும் கையுமா உட்கார்ந்திருந்தா, ரூம்மேட் போர்வைக்குள்ளேயிருந்து கேட்கிறான்: "மீனே இல்லாத தொட்டியில அப்படி என்னடா பார்க்கிறே?"

நேத்து கடைக்காரர் போன் பண்ணினார். புதுசா ஒரு மாண்டரின் வந்திருக்காம்.

"அடுத்த மாசம் வர்றேண்ணே"ன்னு சொல்லியிருக்கேன்.