நர்சிங் படிக்கும் பிள்ளைக்கு பிளேட்டோ எதற்கு?

“பொண்ணு நர்சிங் படிக்கப் போறா சார். அவளுக்கு எதுக்கு பிளேட்டோவும் பைபிளும்?” அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் பாடப் பட்டியலைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி. நம்மூரில் நர்சிங் என்றால் முதல் வருடமே உடற்கூறியல், உடலியங்கியல் என்று நேராகத் தொழிலுக்குள் இறங்கிவிடுகிறோம். அங்கே, அதிலும் லூத்தரன் சபையார் நடத்தும் லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகங்களில், தத்துவமும் வரலாறும் சமயமும் கூடவே வருகின்றன. காரணம் புரிய ஐந்நூறு வருடம் பின்னால் போக வேண்டும். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுவோம்.

முதலில் பட்டம் எப்படி அமைகிறது என்று பார்த்துவிடலாம். லிபரல் ஆர்ட்ஸ் என்றதும் பி.ஏ. வகுப்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இயற்பியல், கணிதம், உயிரியல், பொருளாதாரம், இசை எல்லாமே அதில் அடக்கம். நான்கு வருடப் படிப்பு, பெரும்பாலும் 120 கிரெடிட்டை ஒட்டி இருக்கும். ஒரு பாடத்துக்கு மூன்று அல்லது நான்கு கிரெடிட். இந்த மொத்தத்தில் ஒரு பங்கு எல்லா மாணவருக்கும் பொதுவான பாடங்கள். இன்னொரு பங்கு மேஜர், அதாவது முதன்மைப் பாடம். மீதியில் பிடித்ததை எடுக்கலாம். அதையே ஒழுங்காகச் சேர்த்தால் ஒரு மைனர் கிடைக்கும். வேதியியல் மேஜரோடு ஸ்பானிஷ் மைனர் வைத்துக்கொள்வது அங்கே சாதாரணம். சேரும் நாளிலேயே மேஜரைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் வருட முடிவுக்குள் முடிவெடுத்தால் போதும்.

நர்சிங்கும் இன்ஜினியரிங்கும் மட்டும் வேறு. உரிமத் தேர்வு, அங்கீகாரம் என்று கட்டாயப் பாடங்கள் நிறைய. முதல் பருவத்திலேயே தொடங்கியாக வேண்டும், விருப்பப் பாடத்துக்கு இடம் குறைவு. அப்படி இருந்தும் பொதுப் பாடங்களை அந்தக் கல்லூரிகள் விடுவதில்லை. நண்பரின் கேள்வி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

இப்போது அந்த ஐந்நூறு வருடம் பின்னால் போவோம். லூத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூத்தர், ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். திருச்சபைச் சீர்திருத்தம் அந்த வகுப்பறையிலிருந்து கிளம்பியது. 1524இல் ஜெர்மன் நகர மன்றத்தாருக்கு அவர் ஒரு நீண்ட மடல் எழுதினார். ஊருக்கு ஊர் பள்ளி தொடங்குங்கள், ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தொடங்குங்கள் என்பது அதன் சாரம். ஊரை நிர்வாகம் செய்யவும் வீட்டை நடத்தவும் படித்தவர்கள் வேண்டும் என்பது அவருடைய வாதம். அதே எண்ணம்தான் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தரன் போதகர் சீகன்பால்குவை, மறு ஆண்டே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்க வைத்தது.

லூத்தர் சொன்ன இன்னொன்று இன்னும் ஆழமானது. மடத்தில் இருக்கும் துறவியின் வேலை உயர்ந்தது, செருப்புத் தைப்பவரின் வேலை தாழ்ந்தது என்பதை அவர் ஏற்கவில்லை. அடுத்தவருக்குப் பயன்படும் எந்த நேர்மையான வேலையும் கடவுள் அழைத்துக் கொடுத்த வேலைதான் என்றார். இதை அந்தக் கல்லூரிகளில் ‘வொகேஷன்’ என்பார்கள். எந்த வேலைக்குப் போகப் போகிறாய் என்று கேட்பதோடு, அந்த வேலையால் யாருக்கு என்ன செய்யப் போகிறாய் என்றும் மாணவரைக் கேட்பார்கள். இரண்டாவது கேள்விக்குத் தொழில் பாடத்தில் விடை இருக்காது. அதற்குத்தான் தத்துவமும் இலக்கியமும் வரலாறும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வே, ஸ்வீடன், ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் இந்த எண்ணத்தையும் தங்களோடு கொண்டுபோயின. நார்வேக்காரர்கள் 1861இல் லூத்தர் கல்லூரியையும் 1874இல் செயின்ட் ஓலாஃபையும் தொடங்கினார்கள். ஸ்வீடன்காரர்கள் 1862இல் குஸ்டாவஸ் அடால்ஃபஸைத் தொடங்கினார்கள். முதல் தேவை போதகர்களும் ஆசிரியர்களும். பிறகு மற்ற படிப்புகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

ஒரு பல்கலைக்கழகத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். சிகாகோவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில், இண்டியானா மாநிலத்தில் இருக்கிறது வால்பரைசோ. 1859இல் மெதடிஸ்ட் சபையார் ஆண், பெண் இருபாலருக்கும் தொடங்கிய கல்லூரி. 1871இல் மூடியது, 1873இல் மீண்டும் திறந்தது. குறைந்த செலவில் படிக்கலாம் என்பதால் ‘ஏழைகளின் ஹார்வர்டு’ என்று பேர் வாங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் நொடித்துப்போனது. 1923இல் கூ கிளக்ஸ் கிளான் என்ற இனவெறி அமைப்பு அதை விலைக்கு வாங்கப் பார்த்தது, அது நடக்கவில்லை. 1925இல் லூத்தரன்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து வாங்கினார்கள்.

அங்கே இன்ஜினியரிங் மாணவர்கள் இரண்டு வருடம் படித்துவிட்டு, மீதிக்கு பர்டியூ போன்ற பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டியிருந்தது. முழுப் பட்டமும் இங்கேயே வேண்டும் என்றால் ஆய்வுக்கூடம் வேண்டும். நிர்வாகத்திடம் பணம் இல்லை. 1940களின் முடிவில் மாணவர்களே அந்தக் கட்டடத்தைத் தங்கள் கையால் கட்டி எழுப்பினார்கள். படிப்பு தங்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். பின்னால் வரும் வகுப்புகளுக்காகச் செங்கல் அடுக்கினார்கள்.

1967இல் அங்கே தொடங்கிய கிறைஸ்ட் காலேஜ் என்ற ஹானர்ஸ் கல்லூரியையும் சொல்ல வேண்டும். இன்ஜினியரிங், நர்சிங், இசை, உயிரியல் என்று எந்த மேஜர் மாணவரும் அதில் சேரலாம். முதல் வருடம் சிறு குழுவாக உட்கார்ந்து பெரிய நூல்களைப் படித்து விவாதிப்பார்கள். அதோடு விடாமல், படித்ததிலிருந்து ஒரு கருவை எடுத்து, கதை, வசனம், பாட்டு, மெட்டு எல்லாம் தாங்களே எழுதி, ஓர் இசை நாடகத்தை மேடையேற்றுவார்கள். பிறகு ஆக்ஸ்போர்டு பாணியில் பட்டிமன்றம். ஊசி போடப் பழகப் போகிற பெண், பாலம் கட்டப் போகிற பையனோடு சேர்ந்து பாட்டு எழுதுகிறாள். அவன் சொல்வதை மறுத்துப் பேசவும் பழகுகிறாள். இந்தப் பழக்கம் பாடப்புத்தகத்தால் வருவதில்லை. அதே வளாகத்தில் வானிலையியல் மாணவர்களுக்குச் சொந்த டாப்ளர் ரேடார் உண்டு. கோடையில் சமவெளிகளுக்குப் போய்ப் புயலைத் தேடிப் பார்த்துப் படிப்பார்கள். கைவேலையும் சிந்தனையும் ஒரே கூரையின் கீழ் என்பதுதான் அங்கே திட்டம்.

இசை இல்லாமல் லூத்தரன் கல்வி இல்லை. லூத்தரே பாடல் எழுதியவர். இசையமைப்பாளர் பாஹ் லைப்சிக்கில் தேவாலயப் பள்ளியோடு சேர்ந்த இசைப் பொறுப்பில் இருந்தவர். செயின்ட் ஓலாஃபில் எஃப். மீலியஸ் கிறிஸ்டியான்சன் 1912இல் உருவாக்கிய பாடகர் குழு இன்றும் உலகப் புகழோடு பாடுகிறது. இசை மேஜர் அல்லாதவர்களும் அங்கே குழுக்களில் சேர்ந்து பாடுகிறார்கள்.

“நாங்க இந்துக் குடும்பம், மதம் மாத்திடுவாங்களா?” இதையும் கேட்பார்கள். பெரும்பாலான இடங்களில் ஒன்றிரண்டு சமயப் பாடங்கள் கட்டாயம். பைபிளையும் மற்ற சமயங்களையும் வாசித்து, ஆராய்ந்து, கட்டுரை எழுத வேண்டும். நம்பிக்கைக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் லூத்தரன்களிலும் பிரிவுகள் உண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும். செயின்ட் ஓலாஃப், லூத்தர் கல்லூரி போன்றவை ஈ.எல்.சி.ஏ. என்ற தாராளப் போக்குள்ள சபையோடு சேர்ந்தவை. கன்கார்டியா என்று பெயர் தாங்கிய பல பல்கலைக்கழகங்கள் மிசௌரி சினாட் என்ற பழமைப் பற்றுள்ள சபையைச் சேர்ந்தவை. வால்பரைசோ இரண்டுக்கும் நேரடியாகக் கட்டுப்படாதது. விண்ணப்பிக்கும் முன் எந்தச் சபை என்று விசாரிப்பது நல்லது.

இப்போது நர்சிங்குக்கு வருவோம். இரவு வார்டில் எண்பது வயதுப் பெரியவர் ‘எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம்மா’ என்கிறார். வைத்தே ஆக வேண்டும் என்று மகன் நிற்கிறார். டாக்டர் வர நேரமாகும். அருகில் நிற்பவர் நர்ஸ்தான். மருந்தியல் எத்தனை மில்லிகிராம் என்று சொல்லும். இந்த இருவரிடமும் எப்படிப் பேசுவது என்று சொல்லாது. நல்ல மரணம் எது, யாருடைய விருப்பம் பெரிது, அவருடைய நம்பிக்கை என்ன சொல்கிறது என்று முன்பே யோசித்திருந்தவர் அங்கே பதறாமல் நிற்பார். 1836இல் கைசர்ஸ்வெர்த்தில் ஃபிலீட்னர் என்ற ஜெர்மன் போதகர் தொடங்கிய நர்சிங் இல்லத்தில், மருத்துவப் பயிற்சியும் சமயக் கல்வியும் சேர்ந்தே இருந்தன. 1851இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் போய்ப் பயின்ற இடம் அது.

இந்த மரபு இன்று நெருக்கடியில் இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. போர்ட்லண்டின் கன்கார்டியா பல்கலைக்கழகம் 2020இல் மூடப்பட்டது. மிச்சிகனின் ஃபின்லாண்டியா 2023இல் மூடப்பட்டது. மாணவர் குறையும்போது நர்சிங், பிசினஸ் தப்பித்துவிடுகின்றன. மொழி, தத்துவம், இறையியல் துறைகள்மீதுதான் முதலில் கத்தி விழுகிறது. துறை போன பிறகும் விளம்பரத்தில் லிபரல் ஆர்ட்ஸ் என்ற பெயர் நிற்கும். அதனால் விளம்பரத்தை நம்பாமல், நான்கு வருடத்துக்கும் பருவம் பருவமாகப் போட்ட பாடத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். நர்சிங் மாணவர்களும் தத்துவ மாணவர்களும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்களா என்று விசாரியுங்கள். நர்சிங் உரிமத் தேர்வான என்கிளெக்ஸில் எத்தனை சதவீதம் தேர்ச்சி என்று கட்டாயம் கேளுங்கள். அதே மூச்சில், தத்துவத் துறையில் நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்கலாம்.