எண்ணெய்க்குள் வைத்த காவல்

நண்பகல் வெயிலில் இறக்காமத்து வட்டைகளில் வேலை செய்தவர்கள் மர நிழலுக்கு வந்துவிடுவார்கள். பயிர் எங்கே போகும்? நின்ற இடத்திலேயே முழு வெயிலையும் வாங்கிக்கொள்கிறது, ஆனாலும் அதன் இலை பச்சையாகவே இருக்கிறது. அதே வெயிலில் கடை வாசலில் ஒரு போத்தல் சூரியகாந்தி எண்ணெயை வைத்துவிட்டால் சில நாட்களில் காறிப்போகும். மூடியைத் திறந்ததும் சிக்கு வாடை மூக்கில் ஏறும்.

இத்தனைக்கும் நெல் இலைக்குள்ளும் கொழுப்பு இருக்கிறது. பச்சையத்தைத் தாங்கி நிற்கும் மெல்லிய சவ்வுகளே கொழுப்பால் ஆனவை. அந்தக் கொழுப்பு சூரியகாந்தி எண்ணெயைவிட எளிதில் கெடக்கூடியது. போத்தலில் கெடுவது இலையில் ஏன் கெடவில்லை? ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்காமல், உள்ளே என்ன நடக்கிறதென்று கொஞ்சம் பார்ப்போம்.

எண்ணெயில் கண்ணுக்குத் தெரியாத அளவு பச்சையம் தங்கியிருந்தாலே போதும். அது ஒளியை விழுங்கி, தான் பெற்ற சக்தியை அருகிலுள்ள ஒட்சிசனிடம் கொடுத்துவிடுகிறது. அதுவரை அடக்கமாக இருந்த ஒட்சிசன் அப்போதே மூர்க்கமாகிவிடும். எண்ணெயிலுள்ள லினோலெயிக் அமிலத்தைச் சாதாரண ஒட்சிசனைவிட 1000 மடங்குக்கும் மேல் வேகமாகத் தாக்கும். அப்படி உருவாகும் சேர்மங்கள் உடைந்து, அடுத்தடுத்த மூலக்கூறுகளையும் இழுக்கின்றன. வைக்கோல் போரில் விழுந்த பொறி மாதிரி அது பரவும்.

இலையிலும் இந்தப் பொறி நாள் முழுக்க விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அங்கே பச்சையத்தின் பக்கத்திலேயே மஞ்சள் நிறக் கரோட்டின் இனப் பொருட்களை அல்லாஹ் வைத்திருக்கிறான். மூர்க்கமான ஒட்சிசனின் சக்தியைக் கரோட்டின் தான் வாங்கி, வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது. பெரும்பாலும் அதற்குச் சேதம் இல்லை. அடுத்ததை வாங்க உடனே தயாராகிவிடுகிறது. இதைக் கலிபோர்னியாவில் கிறிஸ்டோபர் ஃபூட்டும் அவரது சகாவும் 1968இல் எடுத்துக்காட்டினார்கள். அதற்கு முன்பும் ஒவ்வொரு போகத்திலும், ஒவ்வொரு இலையிலும் அந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

அதையும் தாண்டித் தப்பிப் பரவும் தீயை விற்றமின் ஈ தடுக்கிறது. 1922இல் எவான்ஸும் கேத்தரின் பிஷப்பும் கண்டறிந்த இந்த விற்றமின், தன்னிடமுள்ள ஐதரசனைக் கொடுத்துச் சங்கிலியை அறுக்கும். விதையில் இது இல்லாவிட்டால் என்னாகும் என்று ஆய்வாளர்கள் ஒரு சிறு செடியில் சோதித்து, முடிவை 2004இல் வெளியிட்டார்கள். விற்றமின் ஈ இல்லாத விதைகள் வைப்பில் சீக்கிரமே முளைக்கும் திறனை இழந்தன. தப்பி முளைத்தவற்றிலும் கொழுப்பு கெட்டுப்போயிருந்தது. அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கும் விதைநெல்லின் முளையிலும் இதே விற்றமின் ஈதான் இருக்கிறது.

எள்ளுக்கு இன்னும் ஒரு படி மேலான கொடை. எளிதில் கெடும் கொழுப்பு நல்லெண்ணெயில் நிறைய இருந்தும் அது நெடுநாள் நிற்கிறது. எள்ளிலுள்ள செசமோலின், வறுக்கும் சூட்டில் செசமோல் என்ற வலிமையான ஒட்சியேற்ற எதிரியாக மாறுகிறது. குமரான பிள்ளைக்கு நல்லெண்ணெய் கொடுக்கும் மூத்தம்மாமாருக்குச் செசமோல் தெரியாது. எது நின்று பிடிக்கும் எண்ணெய் என்பது நன்றாகத் தெரியும்.

ஸூறத்துந் நூரின் 35ஆவது வசனம் ஒளியையும் ஸைத்தூன் எண்ணெயையும் சேர்த்தே பேசுகிறது. அந்த எண்ணெயின் பச்சை நிறம் பச்சையத்தால் வருவது. இருட்டில் வைத்தால் அதே பச்சையம் எண்ணெய் கெடாமல் ஓரளவு உதவும். வெளிச்சத்தில் வைத்தால் அதுவே கெடுக்கும். நல்ல ஸைத்தூன் எண்ணெய் கருநிறப் போத்தலில் வருவது இதனால்தான். நம் தேங்காய் எண்ணெய்க்கு இந்தப் பயம் குறைவு, ஏனென்றால் ஒட்சிசன் கடிக்கக்கூடிய கொழுப்பு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

தொழிற்சாலையில் சுத்திகரிக்கும்போது எண்ணெய் தெளிவாகிறது. ஆனால் கரோட்டின் பெரும்பாலும் போய்விடுகிறது, விற்றமின் ஈயிலும் ஒரு பகுதி குறைகிறது. பிறகு விற்றமின் ஈயையோ, உணவுச் சேர்க்கைகளில் 321ஆம் எண்ணிட்ட செயற்கைப் பொருளையோ சேர்க்கிறார்கள். அது நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் வெயில் படும் வெள்ளைப் போத்தலில் அது தனியாக நின்று சமாளிக்காது. எண்ணெயை அலுமாரிக்குள் வைப்பவர் பாதிக் காவலைத் தானே செய்துவிடுகிறார்.

கொழுப்பும் ஒளியும் ஓயாமல் சந்திக்கும் இடம் நம் உடம்பிலும் ஒன்று உண்டு. அது கண். ஒளியை உணரும் விழித்திரைக் கலங்களின் சவ்வில், எளிதில் கெடும் கொழுப்பு வேறெந்த உறுப்பையும்விடச் செறிந்து கிடக்கிறது. கூர்மையாகப் பார்க்கும் அந்த நடுப்புள்ளி மஞ்சளாக இருக்கிறது. லூட்டின், சியாசாந்தின் என்ற இரண்டும் அங்கே குவிந்திருப்பதே காரணம். இலைக்குள் காவல் நிற்கும் கரோட்டின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் இவையும். நம் உடம்பால் இவற்றை ஆக்க முடியாது. முருங்கை இலை, பொன்னாங்காணி, முட்டை மஞ்சள் கரு போன்ற உணவுகளில் இருந்துதான் இவை நமக்கு வருகின்றன. கீரையைத் தேங்காய்ப்பாலில் சமைத்தால் இன்னும் நன்றாகச் சேரும், லூட்டின் கொழுப்பில்தான் கரையும்.