சிவப்பு முடிந்தும் முடியாத நோய்

தொடை இடுக்கில் அரிப்பும் சிவப்பும் வந்தால் படர்தாமரை என்றுதான் நினைப்போம். களிம்பு தடவினால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் விரைப்பையிலோ பெண்ணுறுப்பின் வெளியிதழிலோ ஆசனவாயைச் சுற்றியோ வந்த திட்டு எந்தக் களிம்புக்கும் மசியாமல் மெல்ல அகன்றுகொண்டே போனால், அது அபூர்வமான ஒரு தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம். பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. வெட்கப்பட்டு மறைப்பதாலேயே பலருக்கு ஆண்டுகள் வீணாகின்றன.

1874இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட் மார்புக் காம்பின் ஆறாத புண்ணுக்குப் பின்னால் புற்று வருவதை எழுதினார். 1889இல் ராட்கிளிஃப் குரோக்கர் அதே நோயை விரைப்பையிலும் ஆண்குறியிலும் கண்டார். அதனால் மேலே சொன்ன தோல் புற்றுக்கு ‘மார்பகம் சாராத பேஜெட் நோய்’ என்று பெயர்.

மேல்தோலின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், ஒரு தாள் அளவு. அந்தத் தாளுக்குள்ளேயே புற்றுச்செல்கள் பல ஆண்டுகள் பக்கவாட்டில் ஊர்கின்றன. கீழே இறங்காதவரை உயிருக்கு ஆபத்து குறைவு.

கண்ணால் பார்த்து இதை உறுதிசெய்ய முடியாது. மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் தோலை எடுத்து நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். வெளிறிப் பருத்த செல்கள் தெரியும். மெலனோமா என்னும் வேறொரு தோல் புற்றிலும் இதே தோற்றம் வரலாம். இங்கேதான் சாயம் உதவுகிறது. சைட்டோகெரட்டின் 7 என்பது செல்லைத் தாங்கும் ஓர் இழைப்புரதம். இயல்பான மேல்தோல் செல்களில் அது இருப்பதில்லை. பேஜெட் நோயின் புற்றுச்செல்களில் நிறைய உண்டு. அதை மட்டும் பற்றும் எதிர்ப்புரதத்தை ஊற்றி நிறமேற்றினால், தனியாகத் திரியும் ஒற்றைச் செல்கூடப் பழுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து சைட்டோகெரட்டின் 20. அதுவும் இருந்தால், மலக்குடலிலோ சிறுநீர்ப்பையிலோ பிறந்த புற்று தோலுக்கு ஏறி வந்ததோ என்று உள்ளே தேடுவார்கள். எனக்கு இது பெரிய வியப்பு: ஒரு துணுக்குத் தோல், உடலின் ஆழத்தில் எங்கே தேட வேண்டும் என்று சொல்கிறது.

சிகிச்சையில் எல்லைதான் சிக்கல். சிவப்பு முடிந்த இடத்தைத் தாண்டியும் செல்கள் பரவியிருக்கும். அதிகம் வெட்டினால் சிறுநீர் கழிப்பதும் தாம்பத்தியமும் பாதிக்கப்படும். குறைத்து வெட்டினால் நோய் திரும்பும். 1930களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரெடெரிக் மோஸ் உருவாக்கத் தொடங்கிய முறை இதற்கு நல்ல விடை. மெல்லிய அடுக்காக வெட்டி, விளிம்புகளில் மை தடவி வரைபடம் போட்டு, ஓரம் முழுவதையும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்று மிச்சமிருக்கும் மூலையில் மட்டும் மறுபடி வெட்டுவார்கள்.

கத்தி வேண்டாதவர்களுக்கு ‘இமிக்விமாட்’ களிம்பு உண்டு. பிறப்புறுப்பு மருக்களுக்காக வந்த மருந்து இது. வைரஸ் நுழைந்தால் ஒலிக்க வேண்டிய நோயெதிர்ப்புச் செல்களின் எச்சரிக்கை உணர்வியை, வைரஸே இல்லாமல் தட்டி எழுப்புகிறது. விழித்துக்கொண்ட செல்கள் புற்றைத் தாக்குகின்றன. எல்லோருக்கும் முழுதாகப் பலிப்பதில்லை.

எந்த வழியில் குணமானாலும் பல ஆண்டுகள் கழித்து நோய் திரும்பக்கூடும். அதனால் ஒவ்வொரு முறையும் மருத்துவர் பழைய வடுவோடு தொடை இடுக்கையும் தொட்டுப் பார்க்கிறார், புற்று பரவி அங்கே நெறி கட்டியிருக்கிறதா என்று.